அலுத்தது உடம்பா, மனசா? மாலை அரைமணி நேரத்தை எதற்குக் கொடுப்பது

அலுப்பு எல்லாருக்கும் ஒன்றுபோல வருவதில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்றுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் வீடு வந்து சேரும் பெண்ணுக்கும், வேலூர் சத்துவாச்சாரியில் ஏதோ ஓர் அலுவலகத்தில் காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழாதவருக்கும், "சாயந்தரம் கொஞ்சம் நடந்துட்டு வாங்க, டென்ஷன் குறையும்" என்று ஒரே யோசனையைச் சொல்லிவிடுகிறோம். நாற்காலிக்காரருக்கு அது பலிக்கும். அந்தப் பெண்ணுக்குக் கால் இன்னும் வீங்கும். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் மடியில் முறத்தை வைத்துக் குனிந்தபடி பீடி சுற்றுகிறவரிடம் "பூ கட்டுங்க, கோலம் போடுங்க, மனசு ஒரு நிலைக்கு வரும்" என்பதும் அப்படித்தான். அவர் விரல் பகல் முழுக்கச் செய்த வேலையையே மறுபடி செய்யச் சொல்கிறோம்.

அதனால் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்றைக்கு எது உழைத்தது? எது சும்மா கிடந்தது? உழைத்ததற்கு ஓய்வு வேண்டும், சும்மா கிடந்ததற்கு வேலை வேண்டும். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. பலன் எவ்வளவு சீக்கிரம் தெரியும், எத்தனை நேரம் நிற்கும், ராத்திரித் தூக்கத்துக்கு உதவுமா அல்லது அதைக் கெடுக்குமா என்பதையும் சேர்த்தே பார்க்கலாம். இதில் கடைசிக் கேள்விக்குத்தான் அதிக மதிப்பு கொடுக்க வேண்டும். ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கினால் மறுநாள் அதே தொல்லையைத் தாங்கும் தெம்பு கூடுகிறது. தூக்கத்தைக் கெடுக்கிற எதுவும், அந்த நேரத்துக்கு எவ்வளவு இதமாக இருந்தாலும், கடன் வாங்கிச் செலவு செய்வதுதான்.

நடை

உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு நடையை மிஞ்சியது இல்லை. காரணம் உடம்பின் ஏற்பாட்டில் இருக்கிறது. மேலதிகாரி திட்டினாலும், கடன்காரர் போன் செய்தாலும், உடம்பு ஓடவோ சண்டை போடவோ தயாராகிவிடும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், ரத்தத்தில் சர்க்கரை கூடும், தோளும் தாடையும் இறுகும். ஆனால் நாம் ஓடுவதும் இல்லை, சண்டை போடுவதும் இல்லை, நாற்காலியிலேயே இருக்கிறோம். கிளப்பிவிட்ட அந்த வேகத்தைக் கால் வழியாகச் செலவழிப்பதுதான் நடை. முப்பது நிமிடம் நடந்தால் வரும் தளர்வு பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். தினமும் நடந்தால் தூக்கமும் சீராகும்.

வேகம் எவ்வளவு? நிமிடத்துக்கு நூறு காலடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் பக்கத்தில் வருபவரோடு பேச முடியும், பாட முடியாது. முப்பது நிமிடத்துக்கு மூவாயிரம் காலடி, அதாவது ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக நடக்க வேண்டும். எடை குறைக்க வேண்டும் என்று மூச்சிரைக்க நடப்பவர்கள் அதைக் காலையில் வைத்துக்கொள்ளட்டும். படுக்கப்போகும் முன் ஒரு மணி நேரத்துக்குள் மூச்சு வாங்குகிற அளவுக்கு உடம்பைச் சூடேற்றினால் சிலருக்குத் தூக்கம் தள்ளிப்போகும்.

வேலூர் நகரத்தில் நடக்க எல்லாரும் முதலில் நினைப்பது கோட்டையைத்தான். அகழியை ஒட்டிய பூங்காவில் வாகனம் இல்லை, மரநிழல் உண்டு, தண்ணீரைப் பார்த்தபடி நடக்கலாம். இந்த மூன்றும் சேர்ந்த இடம் ஊருக்குள் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. பழைய பஸ் நிலையத்தைச் சுற்றியோ காட்பாடி சாலை ஓரமாகவோ நடப்பது வேறு வகை. ஹாரன் சத்தத்திலும் புகையிலும் கவனம் முழுக்க வண்டிகள் மேலேயே இருக்கும். மனசு தளர வேண்டிய நேரத்தில் இன்னும் விழிப்பாகிவிடும். வீட்டுப் பக்கம் நல்ல தெரு இல்லாவிட்டால் மொட்டை மாடியிலேயே எட்டுப் போட்டு நடப்பது நெடுஞ்சாலை ஓரத்தை விட எவ்வளவோ மேல்.

வெயில் காலத்தில் கணக்கு மாறும். "நீரில்லா ஆறு, சாமியில்லா கோயில், மரமில்லா மலை" என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-இல் மறுபடி சாமி வந்துவிட்டார். மலைகள் மட்டும் பெரும்பாலும் மொட்டையாகவே நிற்கின்றன. பகல் முழுக்கக் காய்ந்த பாறை, இருட்டிய பிறகும் வெகுநேரம் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். கோட்டையின் கருங்கல் மதிலும் அப்படியே. ஏப்ரல், மே மாதங்களில் மாலை ஆறு மணி நடை இளைப்பாறலைத் தராது. வியர்வை, தலைவலி, எரிச்சலைத்தான் தரும். அந்த இரண்டு மாதமும் விடிகாலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் நடங்கள். மாலையில் நடந்தே ஆகவேண்டும் என்றால் எட்டு மணிக்குப் பிறகு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு.

நடை பலன் தராமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். முதலாவது, காதில் போனை வைத்து அலுவலகப் பிரச்சினையையே பேசிக்கொண்டு நடப்பது. இரண்டாவது, சாப்பிட்ட உடனே நடந்து நெஞ்செரிச்சலை வாங்கிக்கொள்வது. மூன்றாவது, தேய்ந்த ரப்பர் செருப்பு. குதிகால் வலியால் பலரும் நடையை விடுவது அதனால்தான்.

நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்கள், தோல் பதனிடும் ஷாப்பில் எடை தூக்குபவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். உங்களுக்கானது கீழே இருக்கிறது.

மலைப்படியும் மலைப்பயணமும்

சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படி. மனசு கனத்திருக்கும்போது படியேறி யோக நரசிம்மரைப் பார்த்துவிட்டு வந்தால் லேசாக இருக்கிறது என்று சொல்பவர்கள் ஏராளம், அது உண்மையும்கூட. ஒரு பெரிய உழைப்பு முடிந்து, காற்று முகத்தில் படும்போது வருகிற நிம்மதி அது. ஆனால் அதை மாதம் ஒருமுறைக்கான வழியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், அன்றாட மருந்தாக இல்லை. ஏறும்போது நெஞ்சு உழைக்கிறது, இறங்கும்போது முட்டி உழைக்கிறது. படி இறங்குகையில் முட்டி மேல் விழும் பாரம் உடல் எடையைப் போலப் பல மடங்கு. முட்டி வலி உள்ளவர்கள் ஏறிவிட்டு, 2024 முதல் ஓடும் ரோப் காரில் இறங்குவது நல்ல ஏற்பாடு. கையில் பையோ பழமோ தெரியும்படி வைத்திருந்தால் குரங்குகள் விடாது. கார்த்திகை மாதத்தில் கூட்டம் நெரியும். அமைதி தேடிப் போகிறவர் அந்த மாதத்தைத் தவிர்த்து வாரநாளில் போகட்டும்.

ஏலகிரி, அமிர்தி போன்ற இடங்கள் விடுமுறைக்கு நல்லவை. ஏலகிரிக்குப் பொன்னேரியிலிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஆயிரம் மீட்டருக்கு மேலே குளுமை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் எல்லாரும் ஒன்றாக இறங்கும் நேரத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தால், போன பலன் வழியிலேயே போய்விடும். சனிக்கிழமை விடிகாலை கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது இதைவிடப் புத்திசாலித்தனம்.

மூச்சு

செலவில்லாதது, எங்கேயும் செய்யக்கூடியது, ஐந்து நிமிடத்தில் பலன் தெரிவது என்று பார்த்தால் மூச்சுப் பயிற்சிதான் முதல். காட்பாடியிலிருந்து தினமும் சென்னைக்கு ரயிலில் போய்வருபவர் ஜன்னலோர இருக்கையிலேயே செய்யலாம். தேர்வு அறைக்கு வெளியே, மருத்துவமனைக் காத்திருப்பு வரிசையில், மாமியாரோடு வாக்குவாதம் முற்றும் முன் சமையலறையில், எங்கும் செய்யலாம். ஆனால் பலன் அதிக நேரம் நிற்காது. அந்த நேரத்துப் பதற்றத்தை அடக்க இது சரி. நாள் முழுக்கச் சேர்ந்த அலுப்பைக் கரைக்க இது மட்டும் போதாது.

செய்முறை எளிது. முதுகு சாய்ந்து உட்காருங்கள். ஒரு கையை வயிற்றில், தொப்புளுக்கு மேலே வையுங்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுங்கள். வயிற்றுக்கை மேலெழ வேண்டும், தோள் எழக்கூடாது. ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடத்துக்கு முப்பது மூச்சு. விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டால் கடிகாரமே வேண்டாம்.

வெளியே விடும் நேரம் ஏன் நீளமாக இருக்க வேண்டும் என்பதை மணிக்கட்டில் நாடி பிடித்தாலே உணரலாம். மூச்சை இழுக்கும்போது நாடி சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு, விடும் மூச்சின்போதுதான் கடிவாளத்தை இழுக்கிறது. விடும் மூச்சு நீண்டால் கடிவாளமும் அதிக நேரம் பிடிபட்டிருக்கும்.

பெரும்பாலானவர்கள் செய்கிற தவறு, "ஆழமாக மூச்சு விடு" என்பதை "நிறைய மூச்சு விடு" என்று எடுத்துக்கொள்வது. நெஞ்சை முட்ட முட்ட நிரப்பி வேகமாக விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். தலை சுற்றும், உதட்டோரமும் விரல் நுனியும் மரத்துப்போகும். இது ஆபத்தில்லை என்றாலும், ஏற்கெனவே பயந்திருப்பவர் "ஏதோ ஆகிறது" என்று இன்னும் பயந்துவிடுவார். அப்படி ஆனால் எண்ணுவதை நிறுத்தி, வழக்கமான மூச்சுக்கு வந்துவிடுங்கள். முக்கால்வாசி இழுத்தால் போதும். கர்ப்பிணிகள், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மூச்சை உள்ளே அடக்கிவைக்கும் பயிற்சிகளுக்குப் போக வேண்டாம். இந்த நாலுக்கு ஆறு கணக்கில் அடக்குதல் இல்லை.

எண்ணுவது பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி: மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, அதன் மேலேயே இன்னொரு குட்டி மூச்சையும் இழுத்து, வாயால் நீளமாகப் பெருமூச்சு விடுவது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், தினம் ஐந்து நிமிடம் இப்படிச் செய்தவர்களின் மனநிலை, அதே நேரம் தியானம் செய்தவர்களைவிட அதிகம் மேம்பட்டிருந்தது. அழுது முடித்த குழந்தை தானாக விடும் மூச்சும் இந்த மாதிரிதான் இருக்கும்.

தசையை இறுக்கித் தளர்த்துதல்

உடம்பு உழைத்து அலுத்தவர்களுக்கு என் முதல் சிபாரிசு இது. நம் ஊரில் இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு என்பது வருத்தம். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களில் வகுத்த முறை. தசை இறுகியிருக்கும்வரை மனசு தளராது. ஆனால் இறுகியிருக்கிறது என்பதே நமக்குத் தெரிவதில்லை. அதனால் வேண்டுமென்றே இறுக்கி, பிறகு விட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உடம்புக்குக் காட்டுகிறோம்.

பாயில் மல்லாந்து படுங்கள். முட்டிக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் இடுப்புக்கு இதம். பாதத்திலிருந்து தொடங்குங்கள். கால்விரல்களை மடக்கி ஐந்து விநாடி இறுக்கி, சட்டென்று விட்டுவிட்டு இருபது முப்பது விநாடி சும்மா இருங்கள். பிறகு கெண்டைக்கால், தொடை, வயிறு, கைமுட்டி, மேற்கை, தோள், கடைசியாக முகம். தோளைக் காதுவரை தூக்கி இறுக்குங்கள். முகத்துக்கு, கண்ணை இறுக மூடிப் பல்லை லேசாகக் கடித்தால் போதும். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்தால் மொத்தம் ஏழிலிருந்து பத்து நிமிடம்.

முழு பலத்தோடு இறுக்கினால் கெண்டைக்காலில் சுளுக்கிப் பிடித்துக்கொள்ளும், முக்கியமாக வெயிலில் வியர்த்து உப்பும் நீரும் குறைந்த நாளில். பாதி பலம் போதும். இறுக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு அது நல்லதில்லை. இறுக்குவதை மட்டும் கவனமாகச் செய்துவிட்டு, தளர்த்தும் நேரத்தை அவசரமாகத் தாண்டுகிறவர்களும் உண்டு. பலன் முழுக்க அந்த இருபது விநாடிக்குள்தான் இருக்கிறது. நடுவில் தூங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், அதுதான் வேண்டியது.

பீடி சுற்றுகிறவர்கள் முழுப் பயிற்சியையும் செய்ய நேரமில்லை என்றால் தோள், கழுத்து, விரல் மூன்றை மட்டும் செய்யலாம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவுவது. புகையிலைத் தூளில் உள்ள நிக்கோடின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் கொஞ்சம் உள்ளே போகும். இதயத் துடிப்பைக் கூட்டும். காரணமில்லாமல் படபடப்பாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். முறத்தை மடியிலிருந்து இறக்கி ஓர் உயரமான பலகை மேல் வைத்தால் கழுத்துக் குனிவு குறையும். வேலை நேரத்தில் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நின்று தோளைப் பின்பக்கம் பத்துச் சுற்று சுற்றினாலே மாலை வலி குறையும்.

நின்று வேலை செய்பவர்களுக்குக் காலை உயரத்தில் வைப்பதே பாதி வைத்தியம். சுவர் ஓரமாகப் படுத்து, இரண்டு காலையும் சுவரில் சாய்த்துப் பத்து நிமிடம். கெண்டைக்காலில் தேங்கிய ரத்தம் இறங்கும், வீக்கம் குறையும். படுத்தாலே மூச்சுத் திணறுகிற இதய நோயாளிகள் இதைச் செய்யக்கூடாது.

வெந்நீரும் எண்ணெய்க் குளியலும்

இரண்டையும் ஒன்றாக நினைக்கிறோம், ஆனால் வெவ்வேறு நேரத்துக்கு உரியவை. தூக்கத்துக்கு உதவுவது படுக்கப்போவதற்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பு குளிக்கும் வெந்நீர். நாற்பது டிகிரி அளவு, அதாவது முழங்கையை நனைத்தால் சூடாகத் தெரியணும், சுடக்கூடாது. பத்து நிமிடம். வெந்நீர் பட்டதும் கை கால் தோலில் ரத்தம் பெருகி, உள்ளே இருக்கும் சூடு வெளியே கழிகிறது. குளித்து ஒரு மணி நேரத்தில் உடம்பின் உள்சூடு குறையும். அந்தக் குறைவைத்தான் மூளை "தூங்கும் நேரம்" என்று எடுத்துக்கொள்கிறது. குளித்த கையோடு படுத்தால் இந்தப் பலன் வராது, புழுக்கமாகத்தான் இருக்கும். மே மாதத்தில் மொட்டை மாடி டேங்க்கில் இருந்து மாலையில் வருகிற தண்ணீரே வெந்நீர்தான், கெய்சர் போடத் தேவையில்லை.

எண்ணெய்க் குளியல் விடுமுறைக் காலைக்கு. ஒருவருக்கு மொத்தம் 75 மில்லி நல்லெண்ணெய் போதும். தலைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி, மீதி உடம்புக்கு. ஒரு சிட்டிகை சீரகம் போட்டு இளஞ்சூடு செய்து, உச்சியில் தொடங்கி, காது மடல், பிடரி, தோள், முட்டி, உள்ளங்கால் என்று இறங்க வேண்டும். ஊறவைக்க இருபது நிமிடம் போதும். பலரும் ஊறவைப்பதைத்தான் முக்கியம் என்று நினைக்கிறார்கள். என் கணிப்பில் பலன் தேய்ப்பதில் இருக்கிறது. பிடரியையும் தோளையும் அழுத்தித் தேய்க்கும் பத்து நிமிடம்தான் இறுக்கத்தை எடுக்கிறது, அதுவும் இன்னொருவர் தேய்த்துவிட்டால். சீயக்காயைச் சோற்றுக் கஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் எண்ணெய் போகும், முடியும் வறளாது.

இதன் பலன் அன்று முழுவதும் நிற்கும். ஒரு சொக்கலான, இளகிய உணர்வு. அதனால்தான் அன்று வெளிவேலை இல்லாத நாளில் வைத்துக்கொள்ள வேண்டும். குளித்துவிட்டுப் பகலில் தூங்காதே என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதற்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு. அந்தச் சொக்கலில் மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டால் ராத்திரித் தூக்கம் கெடும். மிளகு ரசமும் சுடுசோறும் சாப்பிட்டுவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். சைனஸ், சளி உள்ளவர்கள் தலைக்கு எண்ணெயை விட்டுவிட்டு உடம்புக்கு மட்டும் தேய்த்துக்கொள்ளட்டும். எல்லாவற்றையும்விட ஆபத்து, டைல்ஸ் போட்ட குளியலறை. எண்ணெய்க் காலோடு வழுக்கி விழுந்து இடுப்பு உடைவது வயதானவர்களுக்கு நிஜமாகவே நடக்கிறது. பழைய கோணிச்சாக்கு ஒன்றை விரித்து, முக்காலி போட்டு உட்கார்ந்தே குளியுங்கள்.

கைவேலை, பேச்சு, காகிதம்

தலையால் வேலை செய்பவருக்குக் கைவேலை நல்ல மாற்று. புள்ளி வைத்துக் கோலம், மல்லிகை கட்டுவது, மாடித் தொட்டியில் மண் கிளறுவது, கீரை ஆய்வது எல்லாம் ஒரே குணம் உடையவை. கண்ணும் விரலும் ஒன்றாக வேலை செய்தால், மனசு பழைய சண்டையை மறுபடி ஓட்டிப் பார்க்க இடம் கிடைப்பதில்லை. இருபது நிமிடத்தில் முடிகிற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். தைக்கும் பிரிவில் வேலை செய்பவர், பீடி சுற்றுகிறவர், தறி நெய்கிறவர் இதை விட்டுவிடலாம்.

பேச்சு, சரியான ஆளிடம் பேசினால், இங்கே சொன்ன எதையும்விட ஆழமாக வேலை செய்யும். தவறான முறையில் பேசினால் சுமை கூடும். ஒரே மனத்தாங்கலை ஒரே ஆளிடம் தினமும் திரும்பத் திரும்பச் சொல்லும்போது இருவருமே கொதித்துப்போய் எழுகிறார்கள். நடந்ததை ஒருமுறை முழுசாகச் சொல்லுங்கள், பிறகு "நாளைக்கு என்ன செய்யலாம்" என்று ஒரு கேள்வி கேளுங்கள், பிறகு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். கேட்பவருக்கும் ஒரு வார்த்தை: உடனே யோசனை சொல்லாமல் இருப்பதே பெரிய உதவி.

பேச ஆள் இல்லாதவர், படுத்தால் நாளைய வேலை எல்லாம் தலைக்குள் சுற்றுகிறவர், ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளட்டும். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் மறுநாள் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஒன்பது நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். "பேங்க் வேலை" என்று எழுதாதீர்கள். "பத்து மணிக்கு பாஸ்புக், ஆதார் நகல் எடுத்துக்கொண்டு பேங்க்" என்று எழுதுங்கள்.

போன், டீ, சிகரெட், குடி

பெரும்பாலோர் அலுப்புக்கு எடுப்பது இவற்றைத்தான். நான்கிலும் பலன் உடனே தெரியும், நான்குமே ராத்திரித் தூக்கத்தைத் தொடுகின்றன.

போனில் குறும்படக் காட்சிகளைத் தள்ளிக்கொண்டே போவதில் முடிவு என்பது இல்லை. பத்து நிமிடம் என்று எடுத்தது ஒரு மணி நேரம் ஆகிறது, அந்த நேரம் முழுக்கக் கழுத்து குனிந்தே இருக்கிறது. நடுவில் ஒரு விபத்துச் செய்தி வந்தால் போதும், மறுபடி படபடப்பு. முடிவு உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு நகைச்சுவைக் காட்சி, நாலு பழைய பாட்டு. பாட்டென்றால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்கலாம்.

டீயில் உள்ள காஃபின் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம்போல ஆகும். மாலை ஆறரைக்குக் குடித்த ஸ்ட்ராங் டீயில் பாதி, பதினொன்றரைக்கும் உள்ளே இருக்கிறது. நாலு மணிக்குள் கடைசி டீ. அதற்குப் பிறகு சுக்குக் காபியோ மோரோ.

சிகரெட் தருவதாக நினைக்கும் நிம்மதி, முந்தைய சிகரெட் விட்டுச்சென்ற நிக்கோடின் தாகம் தணிகிற நிம்மதி. குடி சீக்கிரம் தூங்கவைக்கும், ஆனால் ரத்தத்தில் சாராயம் இறங்கும் பின்னிரவில், இரண்டு மூன்று மணிக்கு, நெஞ்சு படபடக்க எழுப்பிவிடும். மறுநாள் பதற்றம் முன்னைவிடக் கூடும், அன்று மாலை கை மறுபடி அங்கேயே போகும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே நின்றுவிடக்கூடும். இளைப்பாறும் வழிகளின் பட்டியலில் இதைச் சேர்க்க எனக்கு மனமில்லை.

உங்களுக்கு எது

அலுவலகம், வகுப்பறை, கடைக் கல்லாவில் உட்காருபவர்: வாரத்தில் ஐந்து நாள் நடை, இடையில் பதற்றம் வந்தால் மூச்சு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நடை.

ஷூ கம்பெனி, துணிக்கடை, ஓட்டல் என நின்று வேலை செய்பவர்: வீடு வந்ததும் சுவரில் கால் பத்து நிமிடம், சமையலுக்குப் பிறகு வெந்நீர், படுக்கையில் தசைத் தளர்வு. வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிக்குப் போகும் பெண்களுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைப்பதே சிரமம் என்பது தெரியும். வீட்டில் இருப்பவர்கள் அரிசி கழுவி வைத்தால் அது கிடைக்கும்.

பீடி, தறி, தையல்: முதலில் தோள் கழுத்துத் தளர்வு, பிறகு பதினைந்து நிமிட நடை. கால் சும்மா இருந்திருக்கிறது, அதற்கும் வேலை வேண்டும்.

ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ், காவலாளி: வீடு திரும்பும் வழியில் வெயில் கண்ணில் அதிகம் படாதபடி குடையோ கறுப்புக் கண்ணாடியோ. பகல் வெளிச்சம் "விடிந்துவிட்டது" என்று மூளைக்குச் சொல்லிவிடும். நடையைத் தூங்கி எழுந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும் முன் மூச்சும் தசைத் தளர்வும்.

எதை எடுத்தாலும் இரண்டு வாரம் ஒன்றையே தொடருங்கள். தினம் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

அந்த இரண்டு வாரத்திலும் தூக்கமே வரவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, பிடித்த வேலையிலும் மனசு ஒட்டவில்லை என்றால் இது அரைமணி நேர இளைப்பாறலால் தீருகிற அலுப்பு இல்லை. ரத்தசோகை, தைராய்டு கோளாறு போன்றவையும் இதே மாதிரி அலுப்பாகத்தான் காட்டும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பாகாயத்தில் சிஎம்சியின் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின்) மனநல மையம் இருக்கிறது. நேரில் போகத் தயங்குகிறவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணமில்லை, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே கூப்பிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் யாரிடமாவது சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். நெஞ்சு வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் அதை டென்ஷன் என்று நினைத்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.